டனிஸ்ரனின் பாலைவனம்: கோயில் மலருக்குக் கொடுக்காத பிரதி

1.

இந்தக் கதை தானாக என்னிடம் வரவில்லை. கிறகரி கொண்டுவந்து என் தலையில் கட்டினார். கார்ட்டியர்வில்லில் எங்கள் தெருமுனை டெப்பனரில், அதாவது சில்லறைக் கடையில், பால் வாங்கிக்கொண்டு நின்றபோது பிடித்துக்கொண்டார்.

"சிவா, உயிர்ப்புத் திருநாளுக்குக் கோயில் மலர் போடுறம். நீர் ஒரு கதை தாரும். உண்மைக் கதை. எங்கடை பிலோமினம்மாவின்ரை மகன் டனிஸ்ரன் இருக்கிறானெல்லே, தபசுகாலத்திலை பாலைவனத்துக்குப் போட்டு வந்திருக்கிறான். இந்தக் காலத்துப் பிள்ளை, யோசிச்சுப் பாரும்!"

நான் கத்தோலிக்கன் இல்லை, மட்டக்களப்புச் சைவன். ஆனால் எழுதத் தெரிந்த கத்தோலிக்கர்கள் எல்லோரும் மெட்ரோவில் கிறகரியைக் கண்டால் அடுத்த பெட்டியில் ஏறிவிடுகிறார்கள். நான் ஓம் என்று சொல்லித் தொலைத்தேன். அது 2007 பங்குனி. அன்றைக்கே மறுத்திருந்தால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

2.

முதல் தொடக்கம்:

"மணல்மேடுகளுக்கு நடுவே தன் இறைவனோடு தனித்திருந்த அந்த இளைஞன், உலக இன்பங்களை எல்லாம்..."

(வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இதை எழுதும்போது நான் டனிஸ்ரனைச் சந்தித்திருக்கவில்லை. சந்தித்திருந்தால் "உலக இன்பங்களை" என்ற இடத்திலேயே பேனையை மூடியிருப்பேன்.)

பிறகு சந்தித்தேன். லொங்குய்யில் அவன் வேலை செய்யும் கந்தோருக்குக் கீழே ஒரு கோப்பிக் கடை. இருபத்துமூன்று வயது, கொம்பியூட்டர் வேலை, வெயிலில் கருகிய முகம். பாலைவனத்தில் எப்படித் தியானம் செய்தாய் என்று கேட்டேன். அவன் கமராவைத் திறந்து ஒரு படம் காட்டினான்.

படத்தில் பாலைவனம் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. மேற்குச் சகாரா. கண்ணுக்கெட்டிய மட்டும் மணல், மருந்துக்கும் ஒரு மரமில்லை. அந்த மணலுக்குள் அற்லாண்டிக் கடல் புகுந்து ஒரு பெரிய களப்பாகக் கிடந்தது. களப்புக்கு மேலே, அந்தரத்தில், டனிஸ்ரன். காலில் ஒரு பலகை, உடம்பில் பூட்டிய கயிறுகள், கயிறுகளின் நுனியில் வள்ளம் அளவு பெரிய பட்டம்.

"கைட் சேர்ஃபிங், அங்கிள்,"* என்றான். "பட்டம் காத்தைப் பிடிச்சு இழுக்கும். நாங்கள் பலகையிலை நிண்டு தண்ணிக்கு மேலாலை போவம். நல்ல காத்தெண்டால் தூக்கி எறியும்."

* இதற்குத் தமிழ்ச் சொல் தேடி ஒரு பின்னேரத்தை வீணாக்கினேன். கடைசியில் கிடைத்தது "பட்டம் பூட்டிய பலகைச் சவாரி". கோயில் மலரில் இது வந்தால் ஊருக்குச் சர்க்கஸ் வந்திருப்பதாக நினைப்பார்கள். அவன் சொன்னபடியே விட்டுவிட்டேன்.

3.

இங்கே நின்று ஒரு விளக்கம் தரவேண்டும். விளக்கம் கதையைக் கெடுக்கும் என்பார்கள். கெடட்டும்.

பிலோமினம்மா மன்னார்க்காரி. தொண்ணூறாம் ஆண்டு செபமாலை என்ற தன் கணவரோடும் ஆறு வயது டனிஸ்ரனோடும் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறினார். வழியில் வள்ளம் கவிழ்ந்தது. பிள்ளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் வள்ளத்தைப் பிடித்திருந்தார். கணவரைப் பிடிக்க அவருக்கு மூன்றாவது கை இருக்கவில்லை.

(கடைசி வசனத்தை மூன்று தரம் வெட்டினேன், மூன்று தரமும் திருப்பி எழுதினேன். அது அழகுக்காக வந்ததா, உண்மைக்காக வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. இருக்கட்டும்.)

அன்றிலிருந்து அந்தப் பிள்ளை தண்ணீரில் இறங்கக்கூடாது. பள்ளிக்கூடத்து நீச்சல் வகுப்புக்குத் தடை. கோயில் கோடை ஒன்றுகூடலில் மற்றப் பிள்ளைகள் ஏரிக்குள் கும்மாளம் போட, டனிஸ்ரன் கரையில் பெரியவர்களோடு நின்று கோழி வாட்டுவான். வளர்ந்த பிறகு, பிரெஞ்சு பேசும் ஒரு கெபெக்குவா நண்பனோடு, மாரியில் உறைந்த ஏரியில் பட்டத்தைப் பிடித்துச் சறுக்கப் பழகினான். பனிக்கட்டி தண்ணீரில்லையே! அடுத்த கோடையில் "ஓவர்டைம்" என்று சொல்லிவிட்டு ஆற்றில் இறங்கினான்.

"எங்கை போறாய் எண்டு அம்மா கேட்டா. சகாரா எண்டு சொன்னன். அது பொய்யில்லையே, அங்கிள்."

பொய்யில்லை. பாலைவனம் என்றால் தண்ணீர் இல்லை என்று தாயார் முடிவு செய்துகொண்டார், மனம் குளிர்ந்தார். லீவு கிடைத்த கிழமை தபசுகாலத்தில் விழுந்தது. யேசுநாதரும் பாலைவனத்துக்குத்தான் போனார். மிச்சத்தையும் தாயாரே முடிவு செய்தார். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் பக்கத்து வாங்கில் இருந்த பெண்ணுக்குச் சொன்னார். இவன் களப்பில் குத்துக்கரணம் அடித்துக்கொண்டிருக்க, அவர்கள் வசிக்கும் வில்லரேயில் அவனை அரைச் சாமியார் ஆக்கிவிட்டார்கள். திரும்பி வந்தவனை மறைக்கல்விப் பிள்ளைகளுக்குப் பேசச் சொல்லியும் கேட்டார்களாம்.

"அம்மாவுக்குச் சொல்லிவிடேன்," என்றேன்.

"அம்மா ஒருக்கா வேண்டாம் எண்டு சொன்னால் நான் பேந்து போகமாட்டன், அங்கிள். என்னாலை ஏலாது. அதுதான் கேக்கேல்லை."

இதுதான் கதையின் முள். புரட்டாதியில் திரும்பவும் போக நண்பர்களோடு பேசி வைத்திருந்தான்.

4.

ஏன் இவனுக்கு இந்த ஆசை? நீங்கள் கேட்பீர்கள். நானும் எழுதிப் பார்த்தேன்:

"'அப்பாவை எடுத்த தண்ணியோடை எனக்கு ஒரு கணக்கு இருக்கு, அங்கிள்,' என்றான் டனிஸ்ரன், தூரத்தே பார்த்தபடி. அவன் கண்களில்..."

வெட்கமாக இருக்கிறது. அவன் தூரத்தே பார்க்கவில்லை, என்னுடைய டோனட்டைப் பார்த்தான். உண்மையில் சொன்னது இவ்வளவுதான்:

"சும்மா, நல்லாயிருக்கு, அங்கிள்."

நாலு விதமாகக் கேட்டேன், நாலு தரமும் அதே பதில். ஒரு எழுத்தாளனுக்கு இப்படியொரு பாத்திரம் அமைந்தால் அவன் எங்கே போய் முட்டிக்கொள்வது? தகப்பனைக் கடலில் இழந்த பிள்ளை ஏதாவது ஆழமாகச் சொல்லவேண்டாமா? எரிச்சல் தாங்காமல் அடுத்த மெட்ரோவில் வீட்டுக்குப் போய்விட்டேன்.

5.

முடிவுகள்.

அ) தாயார் மலரைப் படித்து உண்மையை அறிந்து மயங்கி விழுகிறார். (மயங்குகிற ஆள் இல்லை. வள்ளத்தைப் பிடித்திருந்தவர்.)

ஆ) அடுத்த முறை களப்பில் டனிஸ்ரனுக்கு... (இல்லை. இதை எழுதின கை அழுகிப்போகும்.)

இ) தாயாருக்கு முதலிலிருந்தே தெரியும். (இது எல்லாக் கதைகளிலும் வருகிறது. தாய்மார் ஒன்றும் துப்பறிவாளர்கள் இல்லை.)

நான் ஈ) எழுதத் தொடங்கியபோது தொலைபேசி அடித்தது. பிலோமினம்மா.

"தம்பி, கதை முடிஞ்சுதோ? எனக்குக் கண் ஒப்பரேசன் செய்தது, வாசிக்க ஏலாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வீட்டை வந்து வாசிச்சுக் காட்டுங்கோ. கோழிக் கறி வைக்கிறன்."

6.

வில்லரேயில் மூன்றாம் மாடி. வெளிப்படிக்கட்டில் இன்னமும் பனிக்கட்டி. என் பையில் இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்று கிறகரிக்கு, மணல் மட்டும் உள்ளது. மற்றது நீங்கள் இதுவரை படித்தது.

பிலோமினம்மாவின் ஒரு கண்ணில் கட்டு. சின்ன உருவம், உரத்த குரல். டனிஸ்ரன் குளிர்ப்பெட்டியில் சாய்ந்துகொண்டு நின்றான், முகத்தில் ஈயாடவில்லை. நான் மணல் பிரதியை எடுத்தேன். கோழை என்று நினைத்தால் நினையுங்கள்.

"மணல்மேடுகளுக்கு நடுவே தன் இறைவனோடு தனித்திருந்த அந்த இளைஞன்..."

இரண்டாம் பந்தியில் அவர் கையை உயர்த்தினார். கேள்வி எனக்கில்லை, மகனுக்கு.

"டேய், நான் கேக்க மறந்துபோனன். அவ்வளவு வெயிலுக்கை உனக்குத் தண்ணி கிடைச்சுதோ?"

டனிஸ்ரன் என்னைப் பார்த்தான். நான் தாளைப் பார்த்தேன். தாளில் மணல்தான் இருந்தது. (ஆசிரியன் இந்த இடத்தில் குறுக்கிட்டிருக்கலாம். "போத்தலில் கிடைத்ததாம், அக்கா" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதையும் காப்பாற்றப்பட்டிருக்கும், கோழிக் கறியும் ஆறியிருக்காது. வாயைத் திறக்கவும் செய்தேன், அவன் முந்திவிட்டான்.)

"கிடைச்சுது, அம்மா."

"காணுமான தண்ணியோ?"

"இடுப்பளவு தண்ணி, அம்மா. நான் அதுக்குள்ளை நிண்டனான்."

பிறகு அவன் எல்லாவற்றையும் சொன்னான், பட்டம், பலகை, ஆறு, ஓவர்டைம், ஒன்றும் விடாமல். நான் எழுதியதைவிட மோசமாகச் சொன்னான். ஏன் என்று அவர் கேட்டபோது "சும்மா, நல்லாயிருக்கு" என்றுதான் அவருக்கும் சொன்னான். அப்போது அவனுக்குக் குரல் உடைந்தது. என் எரிச்சலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பிலோமினம்மா கட்டில்லாத கண்ணால் அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"திரும்பவும் போகப்போறியோ?"

"நீங்கள் வேண்டாம் எண்டால் போகேல்லை."

அவர் பதில் சொன்னார். ஒரே ஒரு சொல். அதை நான் எழுதமாட்டேன். கிறகரி இரண்டு தரம் கேட்டார், அவருக்கும் சொல்லவில்லை. "போ" என்றிருந்தார் என்று எழுதினால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டுவீர்கள். "வேண்டாம்" என்றிருந்தார் என்று எழுதினால் பாவம் என்று தலையாட்டிவிட்டுப் புரட்டுவீர்கள். ஒரு பிள்ளையைக் கையில் பிடித்தபடி கணவரைக் கடலில் விட்டவர் அந்தச் சொல்லைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தார் என்பது உங்களுக்குத் தெரியாது.

அதனால் நான் எழுந்துவிட்டேன், கதிரை காலியாக இருக்கிறது. வந்து இருங்கள். இனி அவன் உங்களுடைய பிள்ளை. நீங்கள் சொன்னால் கேட்பான். போகலாமா, வேண்டாமா, சொல்லுங்கள்.