யாக் மாட்டின் இளங்கொடி

என் வீட்டுக்காரர் சுருளிராஜனுக்கு மாட்டைப் பற்றி எல்லாமே தெரியும் என்று நினைப்பு. திராட்சை லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே பனிமலை அடிவாரம் வரை போனவர், திரும்பி வரும்போது லாரியிலிருந்து ஒரு ஜோடி யாக் மாட்டை இறக்கினார். பால் கெட்டியாக இருக்குமாம், மயிரையும் விற்கலாமாம்.

“கம்பத்து வெக்கையில இது எப்படிப் பொழைக்கும்?” என்று கேட்டேன்.

“நம்ம மலைமாடு பொழைக்கலையா? இதுவும் மலைமாடுதான்டி.”

மலையெல்லாம் ஒரே மலை என்று நினைக்கிற மனுஷனை என்ன செய்ய? சித்திரையில் காளை நாக்குத் தள்ளிச் செத்தது. சினையாயிருந்த பசுவைத் திராட்சைப் பந்தலுக்குள் கட்டி, நனைத்த சாக்கைப் போர்த்தி, நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றினோம். அது துருத்தி போல இரைத்துக்கொண்டே நின்றது.

வைகாசியில் ஒரு மத்தியானம் கன்று செத்தே விழுந்தது. பொழுது சாய்வதற்குள் தாயும் போய்விட்டது.

அவர் எழுந்து, கன்றோடு விழுந்த நஞ்சுக்கொடியை, எங்கள் பேச்சில் இளங்கொடியை, வைக்கோலில் சுற்றிக்கொண்டு வாய்க்கால் கரை ஆலமரத்துக்கு நடந்தார். ஈன்ற மாட்டின் கொடியை ஆலமரத்தில் கட்டினால் பால் நிறைய ஊறும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

பின்னாலேயே போன எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மாடே போயிருச்சு. எந்த மடியில பால் ஊற இதைக் கட்டுறீக?”

அவர் மரத்தில் ஏறினார். ஊரார் கட்டிய வைக்கோல் பொட்டலங்கள் தொங்கும் கிளைகளையெல்லாம் தாண்டி மேலே போனார்.

“கீழ கட்டுனா ஆகாதா?” என்று கத்தினேன்.

உச்சிக்கிளையிலிருந்து குரல் வந்தது.

“இங்கனதான்டி கொஞ்சம் குளுந்த காத்து வருது.”