தம்பியின் கதவு

"அக்கா, கதவு தரையில உரசுது. தூக்கிச் சாத்து. வந்து செதுக்கித் தரேன்" என்றான் தம்பி ஹெர்மொலாவோஸ். கையில் ஈட்டி, வாயில் அத்திப்பழம். அக்கரைக்காரர்களோடு சண்டை. மாலையில் அவனைக் கேடயத்தில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். குத்தியவன் திமாந்த்ரோஸ். அவனையும் நம்மவர்கள் அதே மணலில் சாய்த்திருந்தார்கள்.

திராட்சை அறுப்பு விருந்துக்குப் பாடகர் கோர்கோஸ் எங்கள் சியோஸ் தீவுக்கு வந்தார். ஊர் ஊராகப் போர்ப்பாட்டுப் பாடுபவர். அதில் செத்தவர்களின் பெயரும் சேரும். தம்பிக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பாட்டை விட்டால் அவன் பெயர் சொல்ல ஆளில்லை. ஆட்டுத் தொடையை வாட்டிக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அத்திப்பழம், கதவு, தூக்கிச் சாத்தச் சொன்னது.

மென்றுகொண்டே விரலால் தட்டிப் பார்த்தார். "பேரு சந்தத்துல உக்கார மாட்டேங்குதே தாயி. இடிக்குது."

"எங்க நாய் பேரு கிர்ரோஸ். அதாவது உக்காருமா?"

"அது அருமையா உக்காரும்" என்றார், என் கோபம் புரியாமல்.

விருந்தில் யாழை எடுத்தார். பாட்டில் திமாந்த்ரோஸ் வந்தான். அத்திப்பழத்தைக் கடித்தபடி, "கதவைத் தூக்கிச் சாத்தம்மா, வந்து செதுக்குகிறேன்" என்று தாயிடம் சொல்லிவிட்டுச் சண்டைக்குப் போனான். அவன் விழுந்த பிறகும் அவள் கதவைச் சாத்தாமல் நின்றாள்.

பக்கத்து வீட்டு மெலித்தா மூக்கைச் சிந்தினாள். "ஐயோ, பெத்தவ எப்படித் தாங்குவா!"

"அடியே, அவன்தான் என் தம்பியக் குத்தினவன். அது எங்க வீட்டுக் கதவுடி!"

"சும்மா இரு. பாட்டு கேக்கல."

என் கண்ணிலும் நீர். யாருக்கென்று எனக்கே தெரியவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

பாட்டு முடிந்ததும் வழிமறித்தேன். "என் தம்பி சொன்னதைத் தூக்கி அவனுக்குக் குடுத்துட்டீங்களே!"

"நல்ல கதவு தாயி. வீணாப் போகலாமா? அவனுக்கும் ஒரு தாய் இருக்கால்ல?"

"இருக்கட்டும். அவ வீட்டுலயும் கதவு இருக்கும். அங்க போய்க் கேக்குறது!"

"அடுத்து அங்கதான் பாடறேன். அவளும் கேப்பா." யாழைத் துணியில் சுற்றினார். "இது உன் மகன் சொன்னதில்லன்னு அவகிட்ட சொல்லிடவா?"

வாயைத் திறந்தேன். சொல்லுங்கள் என்பதற்குத்தான் திறந்தேன்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். போங்க!" என்று சீறினேன்.

வீட்டுக்கு வந்தேன். கதவு தரையில் உரசியது. தூக்கிச் சாத்தினேன்.