கோட்டுக்கு நான்கு விரல் மேலே

என் கணவரின் சைக்கிளை வேறு யாரோ மிதிக்கிறார்கள் என்பது ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குத் தெரிந்தது. செயினுக்கு எண்ணெய் விடக் குனிந்தபோது, சீட்டைத் தாங்கும் குழாயில் வளையமாக ஒரு புதுத் தழும்பு. அவருடைய கால் நீளத்தை அளந்து அரத்தால் நான் போட்ட கோடும் அதே குழாயில்தான் இருக்கிறது. தழும்பு அந்தக் கோட்டுக்கு நான்கு விரல் மேலே இருந்தது. அதாவது, குழாயை நான்கு விரல் உள்ளே இறக்கி, யாரோ ஒரு குள்ளமான ஆள் ஓட்டிவிட்டு, மறுபடி கோட்டுக்கே ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

இருபத்தாறு வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். பெடலின் தேய்மானத்தைப் பார்த்தே ஓட்டுகிறவருக்கு எந்த முழங்காலில் வலி என்று சொல்லிவிடுவேன். என்னிடமே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாரே மனிதர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடை, ஏரிச் சாலையின் பெரிய வாசலுக்கு நேர் எதிரே. ஏரியைச் சுற்றி இருபத்திரண்டு கிலோமீட்டர் தார்ச்சாலை. மோட்டார் வைத்த எதையும் உள்ளே விடமாட்டார்கள். தரையில் வரைந்திருக்கும் அம்புக்குறிப்படி ஒரே திசையில்தான் போகவேண்டும், எதிர்த் திசையில் போனால் வாசல் காவலாளி விசில் ஊதியே காதைக் கிழித்துவிடுவார். பெரிய வாசலிலிருந்து மூன்றாவது கிலோமீட்டரில் கிழக்கு வாசல். சுற்றி வந்தால் பத்தொன்பதாவதில் மேற்கு வாசல். இடையில் பதினாறு கிலோமீட்டருக்குத் தண்ணீரும் நாணலும்தான், வெளியேற வழி கிடையாது.

கணவர் முப்பது வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் 'சைரன்'. ஆறு மாதத்துக்கு முன் அந்த சைரனே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து டாக்டர் சொன்னார்: "தினமும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாம மெதுவா சைக்கிள் ஓட்டணும். ஒழுங்கா ஓட்டினா ரெண்டாவது ஆபரேஷன் தேவைப்படாது."

மூன்று மாதத்துக்கு முன் நானே பாகம் பாகமாகச் சேர்த்து அவருக்கென்று ஒரு சைக்கிள் கட்டினேன். தூரம் காட்டும் மீட்டரும் பொருத்தினேன். தினமும் காலை ஆறு மணிக்குக் கிளம்புவார், எட்டரைக்குத் திரும்புவார். மீட்டரில் இருபத்திரண்டு ஏறியிருக்கும். நான் அதை நோட்டில் எழுதிக்கொள்வேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் போன மாதம் டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்.

ஆனால் மாடிப்படி பன்னிரண்டு ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறார். அது எனக்கு முதலிலேயே உறுத்தியது. இப்போது இந்தத் தழும்பு வேறு.

அன்றைக்குச் சாப்பிடும்போது சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "பதினோராவது கிலோமீட்டர்ல பெரிய மரம் விழுந்து கிடக்காமே?"

தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "ஆமா ஆமா. ஓரமா இழுத்துப் போட்டிருக்காங்க. இறங்கித்தான் போக வேண்டியிருந்துச்சு."

மரம் எதுவும் விழவில்லை. அது நான் நட்டு நானே வெட்டிய மரம். இன்னொரு கரண்டி குழம்பு வேண்டுமா என்று கேட்டேன், போதும் என்றார், அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

மறுநாள் பின்சக்கர மட்கார்டைக் கழற்றிப் பார்த்தேன். பத்து நாளைக்கு முன் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்த மட்கார்டு, நான் கை வைக்காமலே எப்படி ஊமையானது? இடுக்கில் ஒரு காகிதத்தை எட்டாக மடித்துச் செருகியிருந்தார்கள். விளிம்போடு விளிம்பு பொருந்தும்படி, நகத்தால் தேய்த்து மடித்த மடிப்பு. என் கணவர் துண்டைக்கூட உருண்டையாகத்தான் மடிப்பார். பிரித்தேன். பஸ் டிக்கெட். கிழக்கு வாசலில் ஏறி மேற்கு வாசலில் இறங்கியது, காலை ஆறே முக்கால்.

சைக்கிள் வைத்திருப்பவருக்குப் பஸ் எதற்கு? குள்ளம், சுத்தமான கை, பொறுமையான மடிப்பு. ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சேர்த்து நான் ஒரு பெண்ணையே கட்டி நிறுத்திவிட்டேன். அவளுக்கு ஒரு மூக்கும் வைத்தேன், எனக்குப் பிடிக்காத மூக்கு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டும் பார்த்தேன். ஆனால் தழும்பு பேய் இல்லையே, தொட்டால் விரலில் தட்டுகிறதே. அறுபது வயதில், நெஞ்சில் தையலோடு, இந்த ஆளுக்கு ஒருத்தியா? கோபத்தில் பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரைத் தேடினேன். அதையும் ஒரு மாதமாகக் காணோம்.

வெள்ளிக்கிழமை கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். அடுத்த திங்கள் டாக்டரிடம் போகவேண்டும். அதற்குள் எனக்கு உண்மை தெரிந்தாக வேண்டும். ஏழே முக்காலுக்குக் கடையைச் சாத்திவிட்டு, வாடகைச் சைக்கிள் ஒன்றை எடுத்தேன். மேற்கு வாசலுக்குச் சீக்கிரம் போக ஒரே வழி, அம்புக்குறிக்கு எதிராக மூன்று கிலோமீட்டர்.

காவலாளி விசிலை ஊதித் தள்ளினார். "அக்கா! நீங்களே இப்படிப் போனா மத்தவங்களை நான் எப்படிக் கேக்குறது?"

"ஊதுங்க, நல்லா ஊதுங்க!" என்று கத்திவிட்டு மிதித்தேன். எதிரே வந்தவர்கள் எல்லாரும் என்னைத் திட்டிக்கொண்டே ஒதுங்கினார்கள். ஒருவர் "வயசுக்கேத்த புத்தி வேணாமா?" என்றார். எனக்கு இருந்த ஆத்திரத்தில் அவருக்குப் பதில் சொல்ல நேரமில்லை.

மேற்கு வாசலில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைந்து நின்றேன். கணவர் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் வீட்டு பிளாஸ்க். ஏரிக்கு முதுகைக் காட்டி, வெளியே போகும் பெரிய சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரி, கார், பஸ் என்று ஒவ்வொன்றையும் அவர் கண் வழியனுப்பியது. காதலிக்காகக் காத்திருப்பவர் முகம் மாதிரி இல்லை, பரீட்சைக்கு உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருந்தது.

கால் மணி நேரம் கழித்து வளைவில் அந்தச் சைக்கிள் வந்தது. ஹெல்மெட் போட்ட குள்ளமான பெண், மூச்சு வாங்க வந்து இறங்கினாள். கணவர் பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தார். பிறகு பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து சீட்டைத் தளர்த்தினார். என் பதிமூன்றாம் நம்பர். நான் தொட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றித் திரும்பினாள்.

என் நாத்தனார்.

"அண்ணி..." என்றாள். ஐந்தரை மாதத்தில் என்னிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

இவருடைய ஒரே தங்கை, பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். நாங்கள் பேச்சை விட்டது ஆபரேஷன் நடந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில். "ரோட்டுல போற சைக்கிள்ல ஒரு கம்பி தளர்ந்தா உங்களுக்குத் தெரியுது. கூடவே இருக்கிற புருஷனுக்கு நெஞ்சு வலிச்சது தெரியலையா அண்ணி?" என்று கேட்டாள். அழுதுகொண்டுதான் கேட்டாள். ஆனாலும் அது எனக்குள் முள்ளாக நின்றுவிட்டது. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அதனால்தான் அவள் முகத்தில் முழிக்கவில்லை.

"என்னங்க இது கூத்து?" என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திருடப்போய் மாட்டிய அண்ணன் தங்கை மாதிரிதான் இருந்தார்கள்.

"கிழக்கு வாசல் வரைக்கும் நான் ஓட்டுவேன்," என்றார் கணவர். "அங்கிருந்து இவ சுத்திட்டு வருவா. நான் பஸ்ல இங்க வந்துருவேன். கடைசி மூணு கிலோமீட்டர் மறுபடி நான்."

"எதுக்கு?"

"மீட்டர்ல இருபத்திரண்டு வரணும்ல. நீ நோட்டுல எழுதுறப்போ உன் முகம் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது."

"சரி, அதுக்கு உங்களுக்கு ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா?"

"உன்கிட்ட பேசாத ஆள் இவ ஒருத்திதானே," என்றார் தலையைச் சொறிந்துகொண்டு. "வேற யார்கிட்ட சொன்னாலும் அடுத்த அஞ்சாவது நிமிஷம் உன் கடைக்குச் சேதி வந்துடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் கோபமாக மாறியது. "வேற எவளையாவது வச்சிருந்தாக்கூட நான் சண்டை போட்டுட்டு போயிருப்பேங்க. அந்த நோட்டைப் பார்த்துத்தானே டாக்டர் மாத்திரையைக் குறைச்சாரு! நடுராத்திரியில உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா? நான் எழுதின நோட்டே உங்களைக் கொன்னிருக்குமே!"

நாத்தனார் பிளாஸ்க் மூடியைப் பெஞ்சில் வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "மாத்திரையைக் குறைச்சாங்களா? அண்ணா, நீ சொல்லவே இல்லையே."

அவர் தரையைப் பார்த்தார். பிறகு வாசல் தடுப்புக் கம்பியைக் காட்டிப் பேசினார்.

"ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு போன் கால் வந்துச்சு. பதினோராவது கிலோமீட்டர்ல ஒருத்தர் நெஞ்சைப் பிடிச்சுட்டு விழுந்துட்டாரு. எட்டு நிமிஷத்துல நான் இந்த வாசல்ல நின்னேன். தடுப்புக் கம்பியில பூட்டு. சாவி யார்கிட்டன்னு யாருக்கும் தெரியல. பத்தொன்பது நிமிஷம் சைரனைப் போட்டுட்டு இங்கேயே நின்னேன். சாவி வந்து, உள்ள போனப்போ..." கையை விரித்தார். "என் வயசுதான் அவருக்கு. மேல வெயில் படாம ஒரு பொண்ணு குடை பிடிச்சுட்டு நின்னா."

அவர் இதை எனக்குச் சொன்னதே இல்லை.

"எல்லாரும் வண்டி வராத ரோடு, நிம்மதியான ரோடுன்னு சொல்றாங்க. எனக்கு வண்டி வராத ரோடுன்னா அந்தப் பூட்டுதான் ஞாபகம் வருது. கிழக்கு வாசலைத் தாண்டி பெரிய ரோட்டுச் சத்தம் நின்னதும் கால் மிதிக்க மாட்டேங்குது. வீட்டுக்காரி சைக்கிள் கட்டிக் கொடுத்திருக்கா, பயமா இருக்குன்னு எப்படிச் சொல்றது?"

எவ்வளவு ஓடியிருக்கிறது என்று மூன்று மாதமும் மீட்டரைக் கேட்டிருக்கிறேன். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாத்தனார் அன்று வராந்தாவில் கேட்டது மறுபடி காதில் விழுந்தது. இந்தத் தடவை அவள் வாயே திறக்கவில்லை.

அப்போதே டாக்டருக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாத்திரை பழைய அளவுக்கு ஏறியது. "அவரால எவ்வளவு முடியுதோ அவ்வளவு ஓட்டட்டும். எனக்கு நிஜமான கணக்குதான் வேணும்," என்றார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த மீட்டரைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டேன்.

மறுநாள் காலை கணவரையும் கூட்டிக்கொண்டு காவலாளியிடம் போய் நின்றேன். "அண்ணே, இவர் கொஞ்ச தூரம் போயிட்டு அதே வழியில திரும்பி வருவாரு. நீங்க நடுநடுவுல விசில் ஊதணும். நீங்க ஊதுறது எதுவரைக்கும் கேக்குதோ, அதுவரைக்கும் போவாரு."

"எதிர்ப்பக்கமா வர்றதுக்கு நானே விசில் ஊதி வழியனுப்பணுமா?" என்றார் அவர். என் முகத்தைப் பார்த்தார், ஊதினார்.

கிழக்கு வாசலில் தங்கை நிற்பாள் என்ற தைரியத்தில்தான் முன்பு அவ்வளவு தூரம் போனாராம்; அது இல்லாமல் முதல் நாள் ஐந்நூறு மீட்டர் போயிருப்பார். ஒரு வாரத்தில் இரண்டாவது கிலோமீட்டர் எண்ணைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். அங்கே விசில் நூலாகத்தான் கேட்கிறது என்றார். அதற்கு மேல் நகரவில்லை. நானும் தள்ளவில்லை.

ஒரு சாயங்காலம் நாத்தனார் கடைக்கு வந்தாள். என் கண்ணை நேராகப் பார்க்காமல் ஹேண்டில் பார்களைத் தடவிக்கொண்டு நின்றாள். "ஒரு சைக்கிள் வேணும் அண்ணி. ஓட்டி ஓட்டிப் பழகிடுச்சு. இப்ப காலையில சும்மா இருக்க முடியல."

நடுத்தர அளவில் ஒன்றை இறக்கினேன். சீட்டைச் சரியான உயரத்தில் வைத்து போல்ட்டை முறுக்கினேன்.

"அளவு எடுக்க வேண்டாமா?"

"உன் அளவு எனக்கு மனப்பாடம். அது என்னை மூணு ராத்திரி தூங்கவிடல."

ஏறி உட்கார்ந்து பெடலை ஒரு சுற்றுச் சுற்றினாள். கச்சிதமாக இருந்தது. அவள் அழ ஆரம்பித்தாள், நான் திட்டினேன், பிறகு நானும் அழுதேன்.

"அன்னைக்கு நீ கேட்டது சரியான கேள்விதான்," என்றேன்.

"இல்ல அண்ணி, நான் கேட்டிருக்கக் கூடாது."

"கேட்டுட்ட. இப்ப அதுக்கு வட்டியா காலையில ஆறு மணிக்கு வந்து நில்லு."

மறுநாள் மூன்று பேரும் கிளம்பினோம். முன்னால் நான், நடுவில் அவர், பின்னால் நாத்தனார். திரும்பிப் பார்த்தால் சைக்கிள் ஆடும் என்பதால் நான் பார்க்கவில்லை, அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். இரண்டாவது கிலோமீட்டர் வந்தது. காவலாளியின் விசில் தேய்ந்தது. எனக்குப் பின்னால் பெடல் சத்தம் நின்றது. சக்கரம் சும்மா உருளும் டிக் டிக் மட்டும் கேட்டது. நானும் மிதிப்பதை நிறுத்தினேன்.

அப்போது இன்னும் பின்னாலிருந்து ஒரு விசில் வந்தது. சின்ன, கீச்சென்ற விசில். நாத்தனார் பள்ளிக்கூட விளையாட்டு அறையிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள். ஊதத் தெரியாமல் பாதி காற்றாகவே போனது. மறுபடி ஊதினாள்.

"அவளை ஊத வேண்டாம்னு சொல்லு, காது வலிக்குது," என்றார் என் கணவர்.

"ஊதட்டும்ங்க," என்றேன்.

பெடல் சத்தம் மறுபடி கேட்டது. கிழக்கு வாசலைத் தாண்டினோம்.