வேலை பார்க்கிறவள்

அந்த வெல்டிங் பட்டறையில் ஒரு வழக்கம். வெளியாள் யார் வந்து யாரைப் பற்றிக் கேட்டாலும் முதல் பதில் 'இல்லை'தான். வந்தவன் கடன்காரனாக இருக்கலாம், போலீஸாக இருக்கலாம், மாமியாராகக்கூட இருக்கலாம். இல்லையென்று சொல்லிவிட்டால் யோசிக்க நேரம் கிடைக்கும்.

அன்றைக்கு வந்தது அரசு மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்து அம்மா. பட்டறையில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவளைப் பற்றி விசாரிக்க வந்திருந்தார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனவள் அக்கா. சிறுநீர்க் குழாய், பை, முதுகுக்குச் சிகிச்சை, சக்கர நாற்காலி எல்லாம் காப்பீட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அது நின்றால் அவள் படுக்கையோடு படுக்கை. வேலையும் போய்விடும்.

அக்கா பின்னால் கழிவறையில் பை மாற்றிக்கொண்டிருந்தாள். பட்டறையை நடத்துகிற மேஸ்திரி முந்திக்கொண்டார்.

"வேலையா? அதுவா? பாவம் மேடம், வீட்ல தனியா இருக்க முடியாம இங்க வந்து உக்காந்திருக்கும்."

அவள் கொழுந்தனும் அங்கேதான் வெல்டர். அவனும் சேர்ந்து தாளம் போட்டான். "எங்க அண்ணி ஒரு துரும்பைத் தூக்கிப் போடாது மேடம்." சொல்லிக்கொண்டே அவளுடைய கிரைண்டிங் மிஷினைக் காலால் பெஞ்சுக்கடியில் தள்ளினான்.

வரம்புக்கு மேல் சம்பாதித்தால் காப்பீட்டை வெட்டிவிடுவார்கள் என்பதுதான் பட்டறைக்குத் தெரிந்த சட்டம். பழைய திட்டத்தில் அது நிஜமும்கூட. அதற்குப் பயந்துதான் அக்கா கூலி உயர்வே வேண்டாமென்று தள்ளிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி பேனாவை மூடினார். "அப்படின்னா கஷ்டம்ங்க. இவங்க கேட்டிருக்கறது வேலைக்குப் போற மாற்றுத்திறனாளிகளுக்கான புதுத் திட்டம். வேலை இல்லைன்னா இதுல எடுக்க முடியாது."

கொழுந்தன் மிஷினைக் காலாலேயே வெளியே இழுத்தான்.

சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள். அத்தனையும் அவள் காதில் விழுந்திருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல மேஸ்திரி?"

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கிடைக்கறதுக்குள்ள ஊரெல்லாம் டமாரம் அடிச்சிருப்பீங்க."

கையுறையை மாட்டினாள். கண்ணாடியை இறக்கினாள். பாதியில் கிடந்த ஜன்னல் சட்டத்தை மடிக்கு நேராக இழுத்து, பற்றவைத்த இடத்துப் பிசிறைத் தேய்க்க ஆரம்பித்தாள். பொறி பறந்தது. அதிகாரி புடவையைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கினார்.

மேஸ்திரி அதிகாரி பக்கம் போனார். "முன்னாடி சொன்னதை விட்டுடுங்க மேடம். இந்தப் பட்டறையே இது தலைமேலதான் நிக்குது. ராவும் பகலும் வேலைதான்."

"இப்ப நான் எதைங்க எழுதறது?"

அக்கா மிஷினை நிறுத்தினாள். "முதல்ல சொன்னது பொய். இப்ப சொல்றது அதைவிடப் பெரிய பொய். காலையில வருவேன், சாயங்காலம் போவேன். முதுகு வலிச்சா நடுவுல கொஞ்சம் படுத்துக்குவேன். அதுக்கும் இவர் முணுமுணுப்பார்."

அதிகாரி சிரித்துவிட்டார். அதையே எழுதினார். மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கினார். "நான் சரின்னு அனுப்பிடறேன்மா. புதுசு வர்ற வரைக்கும் பழசு நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேஸ்திரி சும்மா இருக்கமாட்டாமல் கேட்டார். "அப்போ கூலி ஏத்தினா ஒண்ணும் ஆகாதா?"

"இதுலயும் வரம்பு இருக்கு. நீங்க தர்ற கூலியில அதைத் தொட நான் இன்னொரு ஜென்மம் எடுக்கணும்."

கொழுந்தன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"சரி. திங்கக்கிழமையிலிருந்து ஏத்திக்கலாம்."

"இன்னைக்குச் செவ்வாய். நேத்துலேர்ந்துன்னு சொல்லுங்க."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "நேத்துலேர்ந்துதான், போ."

அக்கா ஜன்னல் சட்டத்தை மறுபக்கம் திருப்பிப்போட்டாள்.