கூடாரத்தில் கேட்காத வசனம்

எங்கள் சீரியலில் ஒருத்தியைக் கொல்ல விபத்து, வியாதி எதுவும் வேண்டாம். அவள் போட்டோவுக்கு ஒரு மாலை போதும், கதை முடிந்தது. அன்று நடிகை சிந்துஜாவின் போட்டோவுக்கு மாலை தயாராக இருந்தது.

முந்தின வாரம் செங்கம் ரோடு கெஸ்ட் ஹவுஸில் டைரக்டர் அறிவுச்செல்வன் அவளை அறைக்குக் கூப்பிட்டுக் கையைப் பிடித்தார். உதறிவிட்டு வந்துவிட்டாள். மேனேஜரிடம் சொன்னதற்கு, "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்றார். அனுசரிப்பதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் இனியா, ப்ராம்ப்டர். கேமரா பக்கத்தில் நின்று வசனத்தை உரக்கப் படிப்பேன், நடிகர்கள் திருப்பிச் சொல்வார்கள். குரலைப் பிறகு சென்னையில் வேறொருத்தி கொடுப்பாள். அதனால் டைரக்டர் ஸ்பாட்டில் எதையும் காதில் வாங்குவதில்லை. சற்றுத் தூரத்தில் போட்ட கூடாரத்தில், ஜெனரேட்டர் இரைச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மானிட்டரில் முகத்தை மட்டும் பார்ப்பார்.

அடி அண்ணாமலையில் ஷூட்டிங். கதையில் சிந்துஜா டீச்சர். தன்மேல் கை வைத்த தலைமையாசிரியரை ஊர் நடுவில் நிற்க வைத்துக் கேட்கிறாள். அதுதான் அவளுக்குக் கடைசிக் காட்சி, அடுத்தது போட்டோவும் மாலையும். பெண்ணுரிமை எபிசோடு! எழுதியது யார்? சாட்சாத் அறிவுச்செல்வன்தான். ஊர்க்கூட்டமாக நிற்க உள்ளூர்ப் பெண்களை அழைத்திருந்தோம்.

"ஆக்‌ஷன்!" என்று ஸ்பீக்கர் கத்தியது.

"ஹெச்.எம். என் கையைப் பிடித்தார்" என்று படித்தேன்.

சிந்துஜா கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "டைரக்டர் அறிவுச்செல்வன் என் கையப் புடிச்சான். ரூமுக்குக் கூப்பிட்டான். போகல. அதனாலதான் இன்னிக்கு என் போட்டோவுக்கு மாலை போடுறான்."

அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. அடுத்த வரியை நான் படிக்கவில்லை.

"கட்! டேக் ஓகே! பின்னிட்டம்மா!" என்றது ஸ்பீக்கர்.

கூட்டத்தில் பூக்கடை பாஞ்சாலை நின்றிருந்தாள். காலையில் எங்களுக்கு மாலை கட்டிக் கொடுத்தவள். நேராக என்னிடம் வந்தாள்.

"ஏம்மா, இது கதையா, நெசமா?"

"நெசம்தான்க்கா."

"நான் கட்டிக் குடுத்த மாலை இந்தப் பொண்ணுக்கா?"

தலையாட்டினேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடாரத்தை நோக்கி நடந்தாள். மற்றப் பெண்களும் பின்னாலேயே போனார்கள். நானும் சிந்துஜாவும் கூடப் போனோம்.

செல்ஃபி எடுக்க வருகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, அறிவுச்செல்வன் எழுந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

"நீதானா அந்த அறிவுச்செல்வன்?" என்றாள் பாஞ்சாலை.

"ஆமாம்மா, நானேதான்" என்றார், வாயெல்லாம் பல்லாக.