இரண்டு அரபி, ஒரு வியட்நாம்

மொழிபெயர்ப்பு நிலையத்துக்கு முதலாளி மாமனார். ஆள் அனுப்பும் தலைவலி மருமகளுக்கு. கோர்ட்டோ ஆஸ்பத்திரியோ கூப்பிட்டால், யார் பேச்சு யாருக்குப் புரியும் என்று பார்த்து அனுப்ப வேண்டும். செலவைக் குறை, குறை என்று மாமனார் உயிரை வாங்கியதில், அவள் உட்கார்ந்து வட்டார வழக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தாள். மொராக்கோக்காரர் வீட்டில் பேசுகிற அரபியைக் கேட்டால் ஈராக்காரர் திருதிருவென்று முழிப்பார். அதற்கு இரண்டு பேர் இல்லாமல் ஆகாது. வியட்நாமில் வடக்கும் தெற்கும் ராகத்திலும் சில சொற்களிலும்தான் வேறு. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிந்துவிடும். ஆக, ஒருவர் போதும். தெற்கத்திப் பெண்மணியை நிறுத்திவிட்டார்கள். வயதில் சின்னவளான வடக்கத்தி மிஞ்சினாள்.

மறுவாரமே ஆஸ்பத்திரியிலிருந்து போன். குடல் அடைப்போடு ஒரு வியட்நாம் பெரியவர், தெற்குக்காரர். அவர் சம்மதித்தால்தான் கத்தி வைக்க முடியும். வடக்கத்தி போய்ப் பேசியும் மனிதர் வாயையே திறக்கவில்லை. மருமகள் அடித்துப்பிடித்து ஓடினாள். பெரியவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"நீ பேசுறது அவருக்குப் புரியலையா?"

"எல்லாம் புரியுதுக்கா. பதில்தான் வரல" என்றாள் வடக்கத்தி.

டாக்டர் பொறுமை இழந்திருந்தார். "இன்னும் தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்துன்னு சொல்லுங்க."

அவள் சொன்னாள். பெரியவர் திரும்பி, தணிந்த குரலில் பேசினார். பேசியவர் "நான்" என்றால் மொழிபெயர்ப்பவரும் "நான்" என்றே, கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது அந்தத் தொழிலின் விதி. வடக்கத்தி டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்:

"சண்டையில வடக்கு ஜெயிச்சப்போ என் அண்ணனைக் கூட்டிட்டுப் போனவங்க இந்த வடக்குப் பேச்சுதான் பேசினாங்க. சாயங்காலம் அனுப்பிடுறோம்னாங்க. அண்ணன் வரவே இல்ல. இந்தப் பேச்சுல யார் என்ன சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்."

அதெல்லாம் நடந்தபோது வடக்கத்தி பிறந்திருக்கவே மாட்டாள். மருமகளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. புரியுமா என்று பார்த்தவள், நம்புவார்களா என்று பார்க்கவில்லை. வெளியே வந்து, நிறுத்தப்பட்ட தெற்கத்தியைப் போனில் கெஞ்சினாள். அந்த அம்மாள் ஒரு வார்த்தை குத்திக் காட்டாமல் ஆட்டோ பிடித்து வந்தாள். அவள் கட்டிலருகே உட்கார்ந்து கொஞ்சம் பேசியதுமே பெரியவர் தலையாட்டினார். அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

வடக்கத்தி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"நீ ஒண்ணும் தப்பாச் சொல்லலம்மா" என்றாள் மருமகள்.

"தெரியும்க்கா. இனிமே இந்த மாதிரி ஆளுங்களுக்கு அவங்களையே அனுப்புங்க. எங்கிட்ட இருக்கிறது இந்த ஒரு பேச்சுதான்."