கல்லாங்காட்டுப்பாளையத்து ‘ங்க’

கல்லாங்காட்டுப்பாளையத்தில் யாரும் யாருக்கும் உத்தரவு போட முடியாமல் போனது ஓர் ஆனி மாதத்துத் திங்கட்கிழமை காலையில். முட்டை கொள்முதல் விலை பத்துக் காசு இறங்கியிருந்த நாள் அது. விசைத்தறிக் கூடத்து மேஸ்திரி மணியன், நூல் அறுந்தும் தறியை ஓட்டிக்கொண்டிருந்த ஒருவனைப் பார்த்து ‘நிறுத்துடா’ என்று கத்த வாயைத் திறந்தார். ‘கொஞ்சம் நிறுத்துறீங்களா?’ என்றுதான் வந்தது. மேஸ்திரிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து அவன் எல்லாத் தறிகளையும் நிறுத்திவிட்டான். அதே நேரத்தில் தெருமுனையில் ராமாத்தாள் தன் சோளக்காட்டில் வாய்வைத்த ஆட்டை விரட்ட, ‘அக்கட்டால போங்க சாமி’ என்று வார்த்தை வந்தது. ஆடு போகவில்லை. எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘ங்க’ எப்போதும் உண்டு. ஆனால் அதுவரை அது செருப்பு மாதிரி, வேண்டும்போது மாட்டலாம், கோபம் வந்தால் கழற்றலாம். அன்று முதல் கழற்ற வரவில்லை.

இரண்டு நாளில் விஷயம் பிடிபட்டது. குமாரபாளையம் சாலையில் ஊரின் எல்லைக்கல் இருக்கிறது. கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றால் எவனையும் எப்படியும் ஏசலாம். இந்தப் பக்கம் எந்த மொழியில் ஏவினாலும், அந்தப் பக்கத்திலிருந்து ஒலிபெருக்கி வைத்துக் கூவினாலும், கல்லைத் தாண்டும்போது ஏவல் கெஞ்சலாகி, நல்ல கொங்குத் தமிழில் காதில் விழும். பெண்சாதியைத் திட்டியே பழகிய சிலர் சாயங்காலங்களில் கல்லைத் தாண்டிப் போய் வெறும் காட்டைப் பார்த்துத் திட்டிவிட்டு வந்தார்கள். பெண்சாதிகள் கொஞ்ச நாள் சந்தோஷமாக இருந்தார்கள். பிறகு அவர்களுக்கும் ஒரு குறை தெரிய ஆரம்பித்தது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொள்ள ‘வா’ என்று கை நீட்டினால், ‘வாங்க’ என்றே வந்தது. கொஞ்சலுக்கு ‘வாங்க சாமி’ என்பது வேறு, அதைத் தவிர வேறு எதுவும் சொல்லவே முடியாது என்பது வேறு.

மணியனின் கூடத்தில் தறி ஓட்டிய ஷெஃபாலியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மேற்கு வங்காளத்தில் கங்கைக் கரையோரத்து ஊர்க்காரி. புருஷனோடு பிழைக்க வந்தவள். புருஷன் போர்வெல் வண்டியிலிருந்து விழுந்து இறந்து இங்கேயே புதைக்கப்பட்டான். மகள் இங்கே பிறந்தாள், பக்கத்துத் தறிக்காரிகள் இனியா என்று பெயர் வைத்தார்கள். வருடம் முழுக்க நாங்கள் அவர்களை இந்திக்காரர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். இந்தி அவர்களுக்கும் சரியாக வராது என்பது எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெடவும் இல்லை. மாசி மாதம் வெளியாட்களைக் கணக்கெடுக்க மத்திய அரசின் ஆட்கள் வந்தபோது, ஷெஃபாலி எந்த ஊர் என்று மணியனைக் கேட்டார்கள். அவள் தன் ஊரை ‘பங்ளா’ என்று சொல்லிக் கேட்டிருந்தவர், ‘பங்களாங்க’ என்றார். எந்தப் பங்களா, ஏற்காட்டுப் பங்களாவா என்று வந்தவர்கள் சிரித்தார்கள். மணியனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. வடதேசம், பரதேசம் என்று சொல்லிப் பழகிய வாய், மரியாதையாக ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொன்னது. “பங்களா தேசமுங்க.”

அவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டு அதைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஷெஃபாலி அயல்நாட்டுக்காரி, குழந்தையோடு பிடித்து எல்லைக்கு அப்பால் அனுப்ப வேண்டும் என்று வைகாசியில் உத்தரவாயிற்று. அவளிடம் அத்தாட்சிகளைக் கேட்டபோது, எல்லாம் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னாள். “ஊட்டக் கங்கை தின்னுபோடுச்சுங்க,” என்றாள். அது நிஜம்தான், அங்கே ஆறு கரையை அரித்து ஊர் ஊராக விழுங்குகிறது. மணியன் கலெக்டர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, தான் சொன்னது நாடு என்கிற தேசமில்லை, ஊர்ப்பக்கம் என்கிற தேசம் என்று விளக்கினார். கேட்டவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பதினெட்டு வருடம் மேஸ்திரியாக இருந்த மனுஷன், அதன் பிறகு தறிக்கூடத்தில் அவள் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தே நடந்தார்.

அந்த மாதங்களில் குமாரபாளையமும் பள்ளிபாளையமும் கொதித்துக் கிடந்தன. வெளியாட்களைத் துரத்து என்று ஒரு கூட்டம் மறியல் செய்தது. ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனால் தறி ஓட்ட யார் என்று இன்னொரு கூட்டம் கடையடைத்தது. பேருந்துக் கண்ணாடி உடைந்தது, மூன்று பேருக்கு மண்டை உடைந்தது. மாநிலத்துப் போலீஸைக் கேட்காமல் டெல்லி எப்படி ஊருக்குள் கை வைக்கலாம் என்று தொலைக்காட்சியில் வக்கீல்கள் சண்டை போட்டார்கள். துரத்தும் கூட்டம் ஒருநாள் பிரபாகர் என்ற லாரிப் பட்டறைக்காரன் தலைமையில் எங்கள் ஊருக்கும் வந்தது. ‘ஓடிப் போ, ஓடிப் போ’ என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே கல்லைத் தாண்டினார்கள். தாண்டியதும் நூறு பேரும் ஒரே குரலில் ‘போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க’ என்றார்கள். தெருவில் நின்றவர்கள் சரிங்க என்று கையாட்டினார்கள். பிரபாகர் கோபத்தில் அழுதே விட்டான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அவன் கையில் இருந்த கட்டையைப் பார்த்தால் பயமாகவும் இருந்தது.

ஆடி பிறந்ததும் அதிகாரி அருணகிரி வந்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், மத்திய அரசு வேலை, யாரையும் ‘ங்க’ போட்டு அழைத்து வளராதவர். அவரோடு துப்பாக்கி வைத்த மத்தியப் படைக்காரர்கள், பெண்ணைக் கைது செய்யப் பெண் போலீஸ் வேண்டுமென்பதால் மாநிலத்துக் காவலர் தமிழ்ச்செல்வி, ஒரு நீல வேன். தறிக்கூடத்து வாசலில் ஊரே நின்றது. ஷெஃபாலி இனியாவின் கையைப் பிடித்துக்கொண்டு தறிகளுக்கு நடுவில் நின்றாள். அருணகிரி தமிழ்ச்செல்வியின் பக்கம் திரும்பி அவளை ஏற்றச் சொன்னார். “அவங்களக் கொஞ்சம் வண்டியில ஏத்த முடியுங்களா?” என்று வெளியே வந்தது.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தமிழ்ச்செல்வியை யாரும் எதையும் முடியுமா என்று கேட்டதில்லை. கேள்வி என்று வந்துவிட்டால் அதற்குப் பதில் உண்டு என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அருணகிரி மறுபடியும் கேட்டார், இன்னும் பணிவாக. அவள் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள். “முடியாதுங்க.”

அவர் படைக்காரர்களிடம் திரும்பினார். அவர்களையும் கேட்கத்தான் முடிந்தது. ஒருவன் மற்றவனைப் பார்த்தான், மற்றவன் வேறு எங்கோ பார்த்தான், வயதில் மூத்தவன் முழங்கால் வலி என்றான். டெல்லிக்குப் போன் போட்டு ஒலியைக் கூட்டி வைத்தார். மேலதிகாரி அங்கே என்ன மொழியில் என்ன சீறினாரோ, “உங்களுக்குத் தோதுப்பட்டா கூட்டியாங்க, இல்லாட்டிப் பரவால்லீங்க,” என்று கூடம் முழுக்கக் கேட்டது. கடைசியில் அருணகிரி தனியாக நடந்து அவளிடம் போனார். வந்துவிடுகிறீர்களா என்று அவளையே கேட்டார். வரவில்லைங்க என்றாள் ஷெஃபாலி. அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். மணியன் கொண்டுவந்து கொடுத்தார். அதிகாரம் முழுசாக இருக்கிறது, அதைச் சொல்ல வாய்தான் இல்லை என்று மறுநாள் ஒரு பத்திரிகை எழுதியது.

இது ஜெயித்த கதை என்று நினைத்துக்கொண்டவர்களுக்குப் பதினைந்தாம் நாளே புத்தி வந்தது. அதே கூடத்தில் வேலை செய்த, ஷெஃபாலியின் ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த சபீர் என்ற பையனுக்குப் பல்வலி. மாத்திரை வாங்கக் கல்லைத் தாண்டினான். டீக்கடை நிழலில் காத்திருந்த வேனிலிருந்து ‘ஏறு’ என்ற ஒரு சொல்தான் கேட்டது என்று கடைக்காரர் சொன்னார். ஒரு மாதம் கழித்து எங்கோ எல்லை ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்து போன் செய்து அழுதான். பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை. கல்லைப் பெயர்த்துத் தள்ளி நட்டால் ஊர் பெரிதாகுமே என்று இளவட்டங்கள் கடப்பாரையோடு போனார்கள். கல் அசையவில்லை. அதுவரை எங்களைக் காப்பாற்றும் வேலி என்று நினைத்த கல், ஷெஃபாலிக்குச் சிறைச் சுவரும்தான் என்று அன்று எல்லோருக்கும் விளங்கியது. அருணகிரி மாதம் ஒருமுறை வந்து அவளைக் கேட்டார். அவள் இல்லைங்க என்றாள். அவர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அதுவும் மின் கட்டணம் எழுத ஆள் வருவது போலப் பழகிவிட்டது.

ஐப்பசியில் அவளுடைய தாய் விழுந்துவிட்டதாகப் போன் வந்தது. கிழவிக்கு நினைவு தப்பி, எல்லாப் பேச்சும் போய், ‘ஆய்’ என்ற ஒரே சொல் மிஞ்சியிருந்தது. வங்காள மொழியில் அது ‘வா’. மரியாதைக்கு வேறு சொல் உண்டு, பழகியவர்களுக்கு வேறு சொல் உண்டு, பெற்ற பிள்ளையைக் கூப்பிட இது. கூடத்தில் நின்றபடி ஷெஃபாலி போனைக் காதில் வைத்தாள். தாயின் குரலில் “வாங்க, வாங்க” என்று கேட்டது. அவள் போனைத் தறி மேல் வைத்துவிட்டு, வழிப்போக்கரைக் கூப்பிடுவது போலத் தன்னைத் தாய் கூப்பிடுகிறாள் என்று சொல்லி அழுதாள். ஊரில் பிள்ளை பெற்றவர்கள் யாருக்கும் அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கல்லைத் தாண்டுவதாக முடிவு செய்தாள். ஓரடி, தாய் கூப்பிடும் வரைக்கும். எல்லோரும் வேண்டாம் என்றார்கள், ஆனால் தடுக்க எங்களிடமும் உத்தரவு இல்லை. கடைசியில் ஊரே காவலுக்குப் போனது. சாலையின் ஒரு பக்கம் ராமாத்தாள் ஆடுகளை மறித்து நின்றாள், மறுபக்கம் மணியன் வண்டிகளைப் பார்த்து நின்றார். ஷெஃபாலி கல்லைத் தாண்டி நின்று போனைக் காதில் வைத்தாள். ‘ஆய்’ கேட்டது. திரும்பி வந்துவிட்டாள். ஞாயிறுதோறும் இப்படி நடந்தது. மார்கழியில் ஒரு ஞாயிறு அருணகிரி வேன் இல்லாமல், சீருடை இல்லாமல், டவுன் பஸ்ஸில் வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவள் போனைக் காதில் வைத்த பிறகுதான் அவர் எழுந்தார். இரண்டு பெண் காவலர்கள், வெளியூர்க்காரிகள், கடைக்குப் பின்னாலிருந்து வந்தார்கள்.

அவளும் அவரைப் பார்த்துவிட்டாள். ஓரடி பின்னால் வைத்தால் போதும். கல்லுக்கு உள்ளேயிருந்து இனியா உயிர்போகக் கத்தினாள், வாங்கம்மா வாங்கம்மா என்றுதான் வந்தது. போனில் கிழவி இன்னும் கூப்பிடவில்லை, மூச்சு இழுக்கும் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஷெஃபாலி நகரவில்லை. அருணகிரி பக்கத்தில் வந்து நின்றார். இங்கே அவர் சொன்னால் சொன்னதுதான். மணியன் ஓடிவந்து அவர் காலைப் பிடிக்கக் குனிந்தார். அப்போது போனில் அந்தச் சொல் வந்தது, நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, வெறும் ‘ஆய்’. அருணகிரி வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். “பேசுங்க,” என்றார். “பேசி முடிங்க. நான் வாரேன்.”

பெண் காவலர்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனார். கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று, ஆத்தூர்க்காரர் ஒருவர், யாரும் வற்புறுத்தாமல் சொன்னது அது. அவர் சொன்னது விடைபெறும் வாரேனா, திரும்பி வருவேன் என்ற வாரேனா என்று ஊரில் இன்றுவரை வழக்கு இருக்கிறது. எங்கள் பேச்சில் இரண்டும் ஒரே சொல், அதனால் காவலை யாரும் கைவிடவில்லை. தை மாதம் கிழவி இறந்துபோனாள். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ராமாத்தாள் ஆடுகளை மறித்து நிற்கிறாள், மணியன் சாலையைப் பார்த்து நிற்கிறார். ஷெஃபாலி இனியாவின் கையைப் பிடித்து அவளோடு கல்லைத் தாண்டுகிறாள். நாலடி தள்ளிப்போய்த் திரும்பி நின்று, மகளைப் பார்த்து ‘ஆய்’ என்கிறாள். இனியா ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள். பிறகு இரண்டு பேரும் ஊருக்குள் வந்துவிடுகிறார்கள்.